நிறம் மாறிய விலங்கு கண்ணில் பட்டால்: பார்ப்பது முதல் பதிவு வரை, கன்னியாகுமரி மாவட்டத்துக்கான வழிகாட்டி

குலசேகரத்துக்கு மேலே ஒரு தோட்டத்தில் விடியுமுன் ரப்பர் பால் வெட்டும் நண்பர் ஒருநாள் போன் செய்தார். "அண்ணே, வெள்ளை மரப்பட்டி ஒண்ணு நிக்குது, சீக்கிரம் வாங்க." மரநாயை இங்கே மரப்பட்டி என்பார்கள். போய்ப் பார்த்தால் சாதாரண மரநாய். அவர் நெற்றியில் கட்டியிருந்த எல்இடி விளக்கு நேராக விழுந்ததில் அதன் சாம்பல் மயிர் வெள்ளையாகத் தெரிந்திருக்கிறது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் ஒரு காலத்தில் கண்ணைப் பார்க்காமலே ஒரு காகத்துக்கு 'அல்பினோ' (நிறமியே இல்லாதது) என்று பெயர் சூட்டி எல்லோருக்கும் அனுப்பியவன்தான்.

புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் ஒரே இடத்தில். பெயரை முதலில் வைத்துவிட்டு அதற்கு ஏற்ற ஆதாரத்தைப் பிறகு தேடுகிறார்கள். கீழே உள்ள வரிசையில் பெயர் வைப்பது ஒன்பதாவதாகத்தான் வருகிறது. ஒவ்வொரு படியும் அடுத்ததற்கான சந்தேகத்தைக் குறைப்பதால் வரிசையை மாற்ற வேண்டாம்.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

8x42 பைனாகுலர் ஒன்று (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ.). இதைவிடப் பெரிதாக்கும் கருவி கையில் ஆடும், மங்கிய வெளிச்சத்தில் இருட்டாகவும் தெரியும். படம் எடுக்க போன் போதும், நல்ல ஜூம் உள்ள கேமரா இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு வெள்ளைத் தாள். இது எதற்கு என்று 5ஆம் படியில் சொல்கிறேன். மறந்துவிட்டு வருபவர்கள்தான் அதிகம்.

நோட்டில் முன்கூட்டியே வரைந்து வைத்த விலங்கின் வெளிக்கோட்டுப் படங்கள்: இடப்பக்கம், வலப்பக்கம், முகம். அணிலுக்கும் மரநாய்க்கும் கீரிக்கும் நான்கு கால் வடிவம் ஒன்றே போதும். பார்த்ததும் எங்கே வெள்ளை, எங்கே கறுப்பு என்று பென்சிலால் நிரப்பலாம். வார்த்தையில் எழுத உட்கார்ந்தால் பாதி மறந்துவிடும்.

இரவில் போவதென்றால் முழங்கால் வரை பூட்ஸ். தோட்டங்களில் பாம்பு உண்டு, பன்றிக்குப் போட்ட மின்வேலியும் உண்டு. பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் யானை இறங்கும். தோட்டத்துக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிட்டு, அவர் ஆளோடு போங்கள். தனியாகப் போக வேண்டாம்.

அப்புறம் அனுமதி. சரணாலயத்துக்குள்ளும் காப்புக்காட்டுக்குள்ளும் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. சரணாலயத்தில் ஆய்வு, படப்பிடிப்புக்கான அனுமதி 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 28ஆம் பிரிவில் வருகிறது. புதியவர்களுக்கு நான் சொல்வது, ஆறு மாதம் காட்டுப்பக்கமே போகாதீர்கள். வீட்டுத் தென்னந்தோப்பு, வாழைத்தோட்டம், தேரூர் குளக்கரை, மணக்குடிக் கழிமுகம் போதும்.

2. ஒரு மயிரை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் மற்ற எல்லாவற்றிலும் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நின்று பேசலாம்.

பயிற்சிக்கு நான் எடுத்துக்கொள்வது நம் ஊர் விலங்கை அல்ல, ஐரோப்பிய வளைக்கரடியை (பேட்ஜர்). பிரிட்டனின் காடுகளிலும் வயல்வரப்புகளிலும் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் விலங்கு. தூரத்தில் சாம்பலாகத் தெரியும். ஆனால் அதன் முதுகில் சாம்பல் நிற மயிரே கிடையாது. ஒவ்வொரு நீள மயிரும் அடியில் வெளிர், நுனிக்குச் சற்றுக் கீழே கறுப்புப் பட்டை, நுனியில் மறுபடி வெளிர். ஆயிரக்கணக்கான மயிர் சேரும்போது கண் அதைச் சாம்பலாக்கிவிடுகிறது. முகம் வெள்ளை, அதில் கண்ணை ஒட்டி இரண்டு கறுப்புக் கோடுகள். வயிறும் காலும் கறுப்பு.

அந்தக் கறுப்புப் பட்டைக்கு என்ன ஆகிறது என்று மட்டும் கேளுங்கள். முக்கியமான நிற வேறுபாடுகள் எல்லாம் அதிலேயே பிரிந்துவிடும்.

பட்டை அகன்று, நுனி வரை கறுத்தால் உடல் முழுக்க இருண்டுவிடும். அது மெலனிசம், மிகைக்கருமை. பட்டை கறுப்புக்குப் பதில் இஞ்சிப் பழுப்பாகவோ செம்மண் நிறமாகவோ வந்தால் எரித்ரிசம், செம்மை. அப்போது முகக்கோடுகளும் காலும் சேர்ந்தே சிவக்கும். பட்டையே இல்லாமல் போய், கண்ணும் மூக்கும் இளஞ்சிவப்பானால் அல்பினோ. மயிர் வெள்ளை, ஆனால் கண் வழக்கம்போல் கறுப்பு என்றால் லூசிசம்.

காரணம் தெரிந்தால் இது மறக்காது. மயிரின் நிறம் மெலனின் என்ற நிறமியால் வருகிறது. அதில் கறுப்பு-பழுப்பு தருவது ஒரு வகை, மஞ்சள்-செம்மை தருவது இன்னொரு வகை. அல்பினோவில் நிறமி செய்யும் செல்கள் இருக்கின்றன, அவற்றால் நிறமியைச் செய்ய முடிவதில்லை. அதனால் கண்ணிலும் நிறம் கிடையாது. உள்ளே ஓடும் ரத்தம்தான் சிவப்பாகத் தெரிகிறது. லூசிசத்தில் செல்களே தோலுக்கு வந்து சேர்வதில்லை. கண்ணின் நிறமிச்செல்களில் ஒரு பகுதி வேறு வழியில் உருவாவதால் கண் பெரும்பாலும் கறுப்பாகவே இருந்துவிடுகிறது.

இன்னொரு பயனுள்ள விஷயம். கருவில் இந்தச் செல்கள் முதுகுத்தண்டு ஓரத்திலிருந்து புறப்பட்டு உடலின் இரண்டு பக்கமும் இறங்குகின்றன. கடைசியாகப் போய்ச் சேரும் இடங்கள் நெற்றி, வயிறு, பாதம், வால்நுனி. செல் குறைந்தால் வெள்ளை விழுவதும் பெரும்பாலும் அங்கேதான். தெருநாய்களைப் பாருங்கள்: நெற்றியில் பொட்டு, காலில் சாக்ஸ், வால்நுனியில் வெள்ளை. காட்டு விலங்கில் வெள்ளைத் திட்டு இந்த இடங்களில், ஓரம் தெளிவாக வெட்டினாற்போல் இருந்தால் பிறப்பிலேயே வந்தது என்ற பக்கம் சாயலாம்.

வளைக்கரடியை நான் விடாமல் பிடித்திருப்பதற்கு மண்ணும் ஒரு காரணம். வெள்ளை வளைக்கரடி செம்மண் வளையில் உருண்டால் இளஞ்சிவப்பாகவோ மஞ்சளாகவோ ஆகிவிடும். சாதாரணமானதுகூடச் சிவப்பாகத் தெரியும். இதை எரித்ரிசத்திலிருந்து பிரிப்பது எப்படி? முகத்தைப் பாருங்கள். சாயம் வெள்ளையில்தான் முதலில் ஏறும். முகத்தின் வெள்ளையும் சிவந்து, கோடுகள் கறுப்பாகவே இருந்தால் மண். வெள்ளை வெள்ளையாகவே இருந்து, கறுப்புக் கோடுகள் சிவந்திருந்தால் நிறமி. இந்த ஒரு சோதனையை நம் ஊர் விலங்குகளிலும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தப் போகிறோம்.

அதே குடும்பத்தில் நம் நாட்டில் தேன் வளைக்கரடி உண்டு. மேலே சாம்பல்-வெள்ளைப் போர்வை, கீழே முழுக்கறுப்பு. ஆப்பிரிக்காவின் அடர்ந்த மழைக்காடுகளில் அந்தப் போர்வையே இல்லாத, முழுக்கறுப்பான தேன் வளைக்கரடிகள் வாழ்கின்றன. அங்கே அது இயல்பு. நம் மாவட்டத்தில் நான் இதைப் பார்த்ததில்லை. வளைக்கரடிக் குடும்பத்தில் இங்கே காண வாய்ப்புள்ளது நீர்நாய்தான்.

3. எந்த விலங்கு என்று முடிவு செய்யுங்கள்

நிறத்தை ஒதுக்கிவிட்டு வடிவத்தை மட்டும் பாருங்கள். இயல்பான நிறம் தெரியாமல் மாறிய நிறத்தைச் சொல்ல முடியாது.

நான் அடிக்கடி பார்க்கும் தவறுகள் சில. தோவாளைப் பக்கத்து வறண்ட மலையடிவாரத்தில் "சிவந்துபோன கீரி" என்று படம் வரும். பார்த்தால் செங்கீரி, தனி இனம். வால் நுனி கறுப்பாக, சற்று மேல்நோக்கி வளைந்திருக்கும். சாம்பல் கீரிக்கு அந்தக் கறுப்பு நுனி இல்லை.

கோதையாறு பக்கம் "புள்ளியே இல்லாத மரநாய்". அது பழுப்பு மரநாயாக இருக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் இனம், உடலில் புள்ளியோ கோடோ கிடையாது. பிடரி மயிர் தலையை நோக்கி முன்பக்கமாக வளரும், வால்நுனி சிலவற்றில் வெளிறியிருக்கும். பலவிதப் பழுப்பில் வரும் விலங்கு என்பதால் இதில் நிற வேறுபாடு என்று சொல்ல அவசரப்படாதீர்கள்.

கருமந்தியின் பிறந்த குட்டி செம்பழுப்பு. சில வாரங்களில் கறுக்கும். அரசவால் ஈப்பிடிப்பானில் முதிர்ந்த ஆண் வெள்ளை, பெண்ணும் இளம் ஆணும் செம்பழுப்பு. கடற்கரைக் கொக்கு சாம்பல்-கறுப்பாகவும் வரும், முழு வெள்ளையாகவும் வரும். கூகை பிறவியிலேயே வெளிர் முகம்தான். பழைய கட்டடத்துக்குள் கூகைக்குஞ்சைப் பார்த்துவிட்டு 'வேற்றுக்கிரகவாசி' என்று பரப்பப்படும் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

வளர்ப்புக் கலப்பையும் இங்கேயே தள்ளிவிடுங்கள். தோப்பில் ஓடும் வெள்ளை முயல் தப்பித்த வளர்ப்பு முயல். கோயில் கோபுரப் புறாக்களின் வெள்ளையும் செம்பழுப்பும் வளர்ப்புப் புறாவின் ரத்தம். காட்டுப்பன்றிக் கூட்டத்தில் வெள்ளைத் திட்டுள்ள பன்றி நின்றால், பக்கத்தில் பன்றி வளர்ப்பவர் யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

4. அழுக்கு, நோய், தழும்பு, வயது

இனம் உறுதியானதும் நிறமியைக் குற்றம் சொல்லும் முன் வெளிக்காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளுங்கள். எளிதாக அடையாளம் காணக்கூடியதை முதலில் தள்ளினால் நேரம் மிச்சம்.

*அழுக்கு.* ஒரு செங்கல் சூளையில் "சிவப்பு அணில் கூட்டம்" இருப்பதாகச் சொல்லிக் கூட்டிப்போனார்கள். நாலைந்து அணில்கள் உண்மையிலேயே சிவப்பு. முதுகைப் பார்த்தேன். அணிலுக்கு முதுகில் மூன்று வெளிர் கோடுகள் உண்டல்லவா? அந்தக் கோடுகள்தான் மிகவும் சிவந்திருந்தன. வளைக்கரடி முகத்தின் பாடம் அப்படியே பொருந்தியது: வெளிர் சிவந்தால் சாயம். மழை பெய்து இரண்டு நாள் கழித்துப் போனபோது எல்லாம் பழைய அணில்கள்.

அதனால் சிவப்பு என்று சொல்லப்படும் எதையும் மழைக்குப் பிறகு ஒருமுறை பாருங்கள். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம், ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

*நோய்.* சொறி பிடித்த விலங்கில் மயிர் உதிர்ந்து தோல் வெளிறியோ கறுத்தோ தெரியும். தூரத்தில் அது நிறத்திட்டு போலவே இருக்கும். ஓரம் பிய்ந்தாற்போல், தோல் தடித்து, விலங்கு அடிக்கடி சொறிந்துகொண்டிருந்தால் நோய். அருகே போகாதீர்கள், உங்கள் வீட்டு நாயையும் விடாதீர்கள்.

*தழும்பு.* ஆழமான காயம் ஆறிய இடத்தில் மயிர் வெள்ளையாக முளைக்கும். கழுத்தையோ இடுப்பையோ சுற்றி மெல்லிய வெள்ளை வளையம் தெரிந்தால் அது பெரும்பாலும் சுருக்குக் கம்பியின் வேலை. இதைக் கண்டால் நிறத்தை மறந்துவிட்டு, அந்தப் பக்கம் யாரோ சுருக்கு வைக்கிறார்கள் என்று வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

*வயதும் தீனியும்.* பறவைகளில், முக்கியமாகக் காகத்தில், இதுதான் பெரிய குழப்பம். வயதோடு ஒவ்வொரு இறகு உதிர்விலும் வெள்ளை கூடிக்கொண்டே போகும் நரை ஒன்று உண்டு. குஞ்சுப் பருவத்தில் சரியான தீனி கிடைக்காமல் இறகில் வெளிர்ப் பட்டை விழுவது வேறு, நல்ல தீனி கிடைத்தால் அடுத்த உதிர்வில் சரியாகிவிடும். பறவை நிற வேறுபாடுகளை வகைப்படுத்திய அருங்காட்சியக ஆய்வாளர் ஹைன் வான் கிரோ, லூசிசம் என்று சொல்லப்படுபவற்றில் பல இந்த நரைதான் என்று விடாமல் எழுதிவருகிறார். ஒரே ஒரு படத்தை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. அதற்குத்தான் கடைசிப் படி.

5. வெளிச்சத்தைச் சந்தேகியுங்கள்

காலை 6 மணி வெயிலில் எந்தப் பழுப்பும் சிவப்பு. ரப்பர் தோட்டத்து நிழலில் எல்லாவற்றிலும் ஒரு பச்சை ஏறும். பழைய மஞ்சள் சோடியம் தெருவிளக்கின் கீழ் நிறமே தெரியாது. எல்இடி ஹெட்லைட் வெளிர் மயிரை வெளுத்துவிடும். பகல் விலங்கென்றால் 8 மணிக்கு மேல், மேகமூட்டமான வெளிச்சம் சிறந்தது.

இரவில் டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் ஒட்டுவது நல்ல பழக்கம், விலங்கு அவ்வளவாக மிரளாது. ஆனால் சிவப்பு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நிறம் எழுதாதீர்கள். சிவப்பில் கண்டுபிடித்து, பிறகு வெள்ளை வெளிச்சத்தைப் பக்கவாட்டில் இரண்டு மூன்று விநாடி காட்டி அணைத்துவிடுங்கள். நேராக அடித்தால் நிறமும் வெளுக்கும், விலங்கின் கண்ணும் கூசும்.

இப்போது வெள்ளைத் தாள். விலங்கு போன பிறகு, அது நின்ற இடத்தில், அதே வெளிச்சத்தில் தாளை வைத்து ஒரு படம் எடுங்கள். அந்தப் படத்தில் தாள் மஞ்சளாகத் தெரிந்தால் விலங்கின் படத்திலும் அவ்வளவு மஞ்சள் ஏறியிருக்கிறது. கணினியில் தாளை வெள்ளையாக்கும் அளவுக்குத் திருத்திவிட்டு, அதே திருத்தத்தை விலங்கின் படத்திலும் செய்தால் ஏறக்குறைய உண்மை நிறம் கிடைக்கும். தாமதித்தால் வெளிச்சம் மாறிவிடும். 5 நிமிடத்துக்குள் எடுங்கள்.

6. படம் எடுக்கும் வரிசை: முகம் முதலில்

எல்லோரும் முழு உடலைத்தான் முதலில் எடுக்கிறார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன். உடம்பின் நிறம் மோசமான படத்திலும் தெரியும், அருகில் நின்றவர் நினைவிலும் இருக்கும். கண், மூக்குநுனி, காதின் உட்புறம், பாதம் இவை விலங்கு திரும்பி நின்றதும் போய்விடும். அல்பினோவா இல்லையா என்று சொல்வது அவைதான்.

முகம், பிறகு ஒரு பக்கவாட்டு முழு உடல், பிறகு முடிந்தால் மறுபக்கம், வால்நுனி. ஒரு பக்கத்தில் மட்டும் உள்ள திட்டும் இரண்டு பக்கமும் ஒத்திருக்கும் திட்டும் வேறு கதை சொல்வதால் மறுபக்கம் முக்கியம். பக்கத்தில் இயல்பான நிறத்தில் இன்னொன்று நின்றால் இரண்டையும் ஒரே படத்தில் பிடியுங்கள். அதைவிட நல்ல ஒப்பீடு கிடையாது.

இரவில் கண் பளபளப்பதைக் கண்ணின் நிறம் என்று எழுதிவிடாதீர்கள். பல இரவு விலங்குகளின் விழித்திரைக்குப் பின்னால் உள்ள அடுக்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். விளக்கு பக்கவாட்டிலிருந்து விழும்போது, பளபளப்பு இல்லாத நொடியில் தெரிவதே கண்ணின் நிறம்.

போனில் அழகாக்கும் பில்டர்களையும் தானாகக் காட்சியை அறிந்து நிறம் கூட்டும் வசதியையும் அணைத்துவையுங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அளவு சுருங்கும், நேரம், இடம் போன்ற விவரங்களும் அழிந்துவிடும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

7. தானியங்கிக் கேமரா வைப்பவர்களுக்கு

சொந்தத் தோட்டத்தில் வைப்பவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். இரவில் அகச்சிவப்பு ஒளியில் எடுத்த படத்தில் நிறம் கிடையாது. அதைவிட மோசம், கறுப்பு மயிர் அந்த ஒளியில் வெளிறித் தெரியும். மெலனின் அகச்சிவப்பைக் குறைவாகத்தான் உறிஞ்சும். பகலில் கன்னங்கரேல் என்று தெரியும் கருஞ்சிறுத்தையின் உடலில் ரோஜாப்பூ வடிவத் திட்டுகள் இரவுப் படத்தில் தெளிவாகத் தெரிவது இதனால்தான். ஆகவே "கேமராவில் வெள்ளையாக வந்தது" என்பது ஆதாரமே அல்ல. திட்டுகளின் வடிவத்தை ஒப்பிட்டு அதே விலங்குதானா என்று பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். நிறத்துக்குப் பகல் படம் வேண்டும்.

மழைக்காலத்தில் லென்சில் ஆவி படிந்தாலும் எல்லாம் வெளிறும். பனியடித்த லென்சில் பதிந்த 'வெள்ளை முள்ளம்பன்றி' ஒன்று இன்னும் என் கணினியில் இருக்கிறது.

8. அன்றே எழுதுங்கள்

தேதி, நேரம், இடம், தூரம், எவ்வளவு நேரம் பார்த்தது, என்ன வெளிச்சம், கடைசியாக மழை எப்போது, கூட வேறு யார் பார்த்தார்கள். பிறகு உறுப்பு வாரியாக: கண், மூக்கு, காது, நெற்றி, முதுகு, வயிறு, பாதம், நகம், வால்நுனி. பார்க்காத உறுப்புக்கு நேரே "பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். காலியாக விட்டால் ஒரு மாதம் கழித்து "இயல்பு" என்று நீங்களே படித்துக்கொள்வீர்கள்.

கூடப் பார்த்தவரிடம் தனியாகக் கேட்டு அவருக்கென்று ஒரு வெளிக்கோட்டுப் படத்தில் தனியாக நிரப்பச் சொல்லுங்கள். பேசிவிட்டு எழுதினால் இரண்டு பேர் சாட்சி ஒருவர் சாட்சியாகிவிடும்.

பால் வெட்டுபவர்கள், பனையேறிகள், இரவுக் காவலாளிகள், மலையில் இருக்கும் காணி மக்கள் இவர்களிடம் கேட்கும்போது "வெள்ளையா இருந்துச்சா?" என்று கேட்காதீர்கள். "எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். பனையில் கள் குடிக்க ஏறும் மரநாயைக் கையெட்டும் தூரத்தில் பார்த்தவர்கள் அவர்கள். வாயில் வார்த்தையைத் திணிக்காவிட்டால் நம்மைவிட நுணுக்கமாகச் சொல்வார்கள்.

சாலையில் அடிபட்டுக் கிடக்கும் விலங்கும் பாடம்தான். ஒரு குச்சியால் மயிரைப் பிரித்து அடி, நடு, நுனி மூன்றும் தெரிய நெருக்கத்தில் படம் எடுங்கள். 2ஆம் படியில் சொன்ன பட்டை அப்போது கண்முன்னே இருக்கும். கையால் தொட வேண்டாம். மயிர், நகம், தோல் எதையும் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம், சட்டப்படி குற்றம். நாகர்கோவில்–ஆரல்வாய்மொழி சாலை போன்ற இடத்தில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்குங்கள்.

9. இப்போது பெயர்

இதுவரை எல்லாம் தாண்டி வந்த விலங்குக்கு மட்டும் பெயர்.

வெள்ளை, கண்ணும் மூக்கும் இளஞ்சிவப்பு: அல்பினோ. இதில் பாதி அல்பினோ என்று ஒன்று கிடையாது. கண்ணில் நிறமி இல்லாததால் பார்வை மங்கல், பல சிறு வயதிலேயே மடிந்துவிடும். நன்கு வளர்ந்த வெள்ளை விலங்கைக் காட்டில் பார்த்தால் லூசிசம் என்று எண்ணுவதே பாதுகாப்பு. அதுவும் கண் தெரிந்தால்தான்.

முழுவதும் வெள்ளை அல்லது திட்டுத்திட்டாக வெள்ளை, கண் இயல்பு: லூசிசம். நிறம் இருக்கிறது, ஆனால் எங்கும் ஒரே அளவில் மங்கிப் பாலூற்றினாற்போல்: நீர்த்த நிறம் என்று எழுதுங்கள், லூசிசம் அல்ல. வெள்ளைப் புலி இன்னொரு கதை. 1951இல் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் ரேவாவில் பிடிபட்ட குட்டியின் வழிவந்தவைதான் நாம் வண்டலூரில் பார்க்கும் வகைப் புலிகள். கோடு கறுப்பு, கண் நீலம். அல்பினோவும் இல்லை, லூசிசமும் இல்லை. செம்மஞ்சள் நிறமி மட்டும் போய்விட்ட புலி.

கறுப்புக்கு மெலனிசம், செம்மைக்கு எரித்ரிசம். இரண்டிலும் பக்கத்தில் ஒப்பிட ஒன்று இல்லாவிட்டால் நான் கேள்விக்குறி போட்டே எழுதுவேன்.

கண் தெரியாத வெள்ளை விலங்குக்கு "வெள்ளை, வகை உறுதியில்லை" என்று எழுதுவதில் வெட்கம் எதுவும் இல்லை.

10. யாரிடம் சொல்வது, எதை மறைப்பது

ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதியலாம், பறவை என்றால் இபேர்டிலும். ஐநேச்சுரலிஸ்டில் பதியும்போது இருப்பிடத்தை மங்கலாக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். அப்போது அது 0.2 பாகை அளவுள்ள பெட்டிக்குள் எங்கோ ஒரு புள்ளியை மட்டும் காட்டும், ஏறத்தாழ 22 கி.மீ. பக்கம். நம் மாவட்டமே சுமார் 1,700 சதுர கி.மீ. தான் என்பதால் அந்தப் பெட்டி மாவட்டத்தில் கால் பங்குக்கு மேல் மூடிவிடும்.

ஊர்ப்பெயரை எழுதியதால் வந்த வினை ஒன்று. ஒரு வெள்ளை அணிலைப் பற்றித் தெருப்பெயரோடு குழுவில் போட்டுவிட்டேன். மறுநாள் வலையோடு இரண்டு பையன்கள். "வீட்டுல வச்சா ராசியாம்ணே." அந்தத் தோப்புக்காரர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அணிலும் அதற்குப் பிறகு கண்ணில் படவில்லை. பயந்து இடம் மாறியதா, பிடிபட்டதா, தெரியவில்லை.

இப்போது படத்தில் பின்னணிக் கட்டடம், பெயர்ப்பலகை, மலைமுகடு எதுவும் தெரியாமல் வெட்டிவிட்டே பொதுவில் போடுகிறேன். மருந்துவாழ் மலையின் முகடு ஒன்று போதும், உள்ளூர்க்காரன் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவான். வெட்டாத மூலப்படமும் சரியான இடமும் என் நோட்டிலும், கேட்டால் வனத்துறையிடமும் மட்டும்.

11. திரும்பப் போங்கள்

ஒரு முறை பார்த்தது பாதிப் பதிவுதான். மூன்று மாதம் கழித்து ஒருமுறை, இறகோ மயிரோ உதிர்ந்து புதிதாக வந்த பிறகு ஒருமுறை, முடிந்தால் ஒரு வருடம் கழித்து ஒருமுறை.

வெள்ளை அதே இடத்தில் அதே அளவில் இருந்தால் பிறப்பு நிறம். கூடிக்கொண்டே போனால் நரை. காணாமல் போனால் தீனிக்குறை அல்லது அழுக்கு. பக்கத்தில் அதே நிறத்தில் குட்டி தெரிந்தால் அதையும் எழுதுங்கள். பல நிற வேறுபாடுகள் தாயும் தந்தையும் அதே குறைபாட்டு மரபணுவைச் சுமந்தால் மட்டுமே குட்டியில் வெளிப்படும். உறவுக்குள்ளேயே சேரும் சிறு கூட்டத்தில் ஒன்றைப் பார்த்தால் இன்னொன்றும் இருக்க வாய்ப்பு அதிகம்.

நான் அல்பினோ என்று பெயர் வைத்த காகத்துக்கும் இதுதான் நடந்தது. கோட்டாறில் ஒரு டீக்கடைக் கூரைக்கு தினமும் வரும். கண் கறுப்பு என்று பிறகுதான் கவனித்தேன். அடுத்த வருடம் சிறகில் வெள்ளை கொஞ்சம் கூடியிருந்தது, அதற்கடுத்த வருடம் தலையிலும் ஏறிவிட்டது. நோட்டில் 'அல்பினோ'வை அடித்து 'லூசிசம்' என்றும், பிறகு அதையும் அடித்து 'நரை' என்றும் எழுதியிருக்கிறேன். டீக்கடைக்காரர் மட்டும் ஆரம்பத்திலிருந்தே "கெழட்டுக் காக்கா" என்றுதான் சொல்லிவந்தார்.